யுங்கர் – ஒரு ஜெர்மன் சொல்லின் கதை

பிஸ்மார்க்கைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு சொல் வந்துவிடும். 'அவர் ஒரு யுங்கர் குடும்பத்தில் பிறந்தவர்' என்று எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். யுங்கர் என்றால் என்ன? ஜாதியா? பட்டமா? வேலையா? அகராதியைப் பார்த்தால் 'பிரஷ்ய நிலப்பிரபு' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சொல்லுக்குள் எண்ணூறு வருடக் கதை இருக்கிறது. அதில் வட்டி உண்டு, அடமானம் உண்டு, சுங்க வரி உண்டு, ஒரு பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் உண்டு.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இடைக்கால ஜெர்மன் மொழியில் 'யுங்க்' என்றால் இளைய, 'ஹெர்ரே' என்றால் பிரபு அல்லது எஜமான். இரண்டும் சேர்ந்து 'யுங்ஹெர்ரே'. அதாவது சின்ன எஜமான், இளைய பிரபு! வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்து யுங்கர் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் இது ஒரு பிரபுவின் மகனையோ, இன்னும் வீரப்பட்டம் பெறாத இளைஞனையோ குறித்தது. அதில் மரியாதையும் இல்லை, வசையும் இல்லை. வெறும் வயதும் குடும்பமும்தான்.

மார்ட்டின் லூதர் கதையில் இந்தச் சொல்லை அந்தப் பழைய பொருளிலேயே பார்க்கலாம். 1521-ல் பேரரசர் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்த சமயத்தில் வார்ட்பர்க் கோட்டையில் அவரை ஒளித்து வைத்தார்கள். துறவி வேஷத்தைக் கலைத்து, தாடி வளர்த்து, இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு அவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர் 'யுங்கர் யோர்க்'. அந்தப் பெயரில் இருந்தபோதுதான் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

இதே சொல் டச்சு மொழியில் 'யோங்ஹீர்' ஆனது. 17-ம் நூற்றாண்டில் அட்ரியான் வான் டெர் டோங்க் என்ற டச்சுக்காரர் அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் பெரிய நிலப்பரப்பு ஒன்றை வாங்கினார். ஊர்க்காரர்கள் அவரை யோங்ஹீர் என்று அழைத்தார்கள். அவருடைய நிலம் இருந்த ஊர்தான் இன்று நியூயார்க் நகரத்தை ஒட்டியிருக்கும் யாங்கர்ஸ். ரஷ்யர்கள் இந்தச் சொல்லை இரவல் வாங்கி ராணுவப் பள்ளி மாணவர்களுக்கு வைத்தார்கள். 1917-ல் குளிர்கால அரண்மனையைக் காவல் காத்தவர்களில் ஒரு பகுதியினர் இந்த 'யுங்கர்' மாணவர்கள்தான்.

இரண்டாம் உலகப்போர்ப் படங்களில் ஊளையிட்டுக்கொண்டு குண்டு போட வரும் யுங்கர்ஸ் விமானத்துக்கும் நிலப்பிரபுக்களுக்கும் மட்டும் சம்பந்தமில்லை. அது ஹ்யூகோ யுங்கர்ஸ் என்ற பொறியாளரின் குடும்பப் பெயர். அவர் ஜெர்மனியின் மேற்குக் கோடியில் ஒரு நெசவாலை முதலாளியின் மகனாகப் பிறந்தவர். 1933-ல் நாஜிகள் அவருடைய நிறுவனத்தையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

சரி, இந்தச் 'சின்ன எஜமான்' எப்படிப் பெரிய எஜமான் ஆனார்?

ஜெர்மனியின் வரைபடத்தில் எல்பே என்று ஓர் ஆறு இருக்கும். தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஓடி ஹாம்பர்க் வழியாகக் கடலில் கலக்கும். யுங்கர் கதை முழுவதும் அந்த ஆற்றுக்குக் கிழக்கே நடக்கிறது. பிராண்டன்பர்க், பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா, சைலீசியா... மணல் கலந்த மண், ஏரிகள், பைன் காடுகள், குளிர். கோதுமை அவ்வளவாக வராது. ரை என்ற தானியமும் பிற்காலத்தில் உருளைக்கிழங்கும் நன்றாக விளையும்.

12, 13-ம் நூற்றாண்டுகளில் மேற்கிலிருந்து ஜெர்மானியர்கள் அங்கே குடியேறினார்கள். ஏற்கெனவே வாழ்ந்த ஸ்லாவிய மக்களில் சிலர் போரில் அழிந்தார்கள், பலர் கலந்துபோனார்கள். பிரஷ்யாவில் டியூட்டானிக் வீரர் சங்கம் என்ற துறவிப் படை வாளோடு வந்து நிலத்தைப் பிடித்தது. கூடவே சொத்தில் பெரிய பங்கு கிடைக்காத இளைய மகன்களும் வந்தார்கள். 'இளைய பிரபு' என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் ஜெர்மானியப் பெருமை பேசிய யுங்கர் குடும்பங்கள் பலவற்றின் பெயர்கள் ஸ்லாவிய மொழியில் இருக்கின்றன. பூலோ, சிட்செவிட்ஸ், இட்சென்பிளிட்ஸ் என்று 'ஓ', 'விட்ஸ்', 'இட்ஸ்' விகுதியோடு முடிகிற பெயர்களெல்லாம் அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள். பெயருக்கு முன்னால் வருகிற 'ஃபான்' என்பதற்கு 'இன்ன ஊர்க்காரர்' என்பதுதான் பொருள்.

முதலில் அங்கே குடியேறிய விவசாயிகள் நல்ல நிலையில்தான் இருந்தார்கள். ஆள் கிடைக்காத ஊருக்கு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் சலுகை கொடுத்தாக வேண்டுமே! குறைந்த வாரம், பரம்பரை உரிமை, ஊர்விட்டுப் போகும் சுதந்திரம் எல்லாம் கொடுத்தார்கள். மேற்கு ஜெர்மனியின் விவசாயியை விடக் கிழக்கின் விவசாயி சுதந்திரமானவன் என்று சொல்லத்தக்க காலம் அது.

பிறகு எல்லாம் தலைகீழானது. 14-ம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்தது. ஊர்கள் காலியாகி நிலங்கள் தரிசாகின. உழுபவன் இல்லாத நிலத்தைப் பிரபுக்கள் தங்கள் சொந்தப் பண்ணையோடு சேர்த்துக்கொண்டார்கள். 16-ம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் நகரங்கள் வளர்ந்து தானிய விலை ஏறியது. டான்சிக் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பல் கப்பலாக ரை போனது. இனி வாரம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விடத் தானே பயிர் செய்து விற்பது லாபம். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். கூலி கொடுத்தால் லாபம் குறையும். அப்படியானால்? இருக்கிற ஆளை ஓடவிடாமல் கட்டிப்போடு!

இங்கேதான் யுங்கருக்கும் மேற்கு ஜெர்மனியின் பிரபுவுக்கும் வித்தியாசம். மேற்கில் பிரபு என்பவர் பெரும்பாலும் வாரம் வாங்குகிறவர். கிழக்கின் யுங்கர் தானே பண்ணை நடத்துகிறவர். காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய், எத்தனை கலப்பை இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறவர். தமிழில் இவரை 'ஜமீன்தார்' என்று மொழிபெயர்ப்பதை விடப் 'பண்ணையார்' என்று சொல்வதுதான் பொருந்தும். ஆனால் அதுவும் போதாது. ஏனென்றால் இந்தப் பண்ணையாரே அந்த ஊரின் போலீஸ், அவரே நீதிபதி, தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிப்பதும் அவரே. விவசாயி வாரத்தில் பல நாட்கள் தன் மாட்டையும் கலப்பையையும் கொண்டுவந்து இவர் நிலத்தில் இலவசமாக உழ வேண்டும். இவர் அனுமதி இல்லாமல் கல்யாணம் செய்யவோ ஊரை விட்டுப் போகவோ முடியாது. பிள்ளைகள் சில வருடம் பண்ணை வீட்டில் வேலை செய்ய வேண்டும். புகார் இருந்தால் எங்கே போவது? இவர் நடத்தும் நீதிமன்றத்துக்குத்தான்!

இவர்களுக்கு மேலே மன்னர் இருந்தாரே, அவர் என்ன செய்தார்? 1412-ல் ஹோஹென்சாலர்ன் குடும்பத்து ஃபிரெடரிக் பிராண்டன்பர்க்குக்கு வந்தபோது அங்கே குவிட்சோ சகோதரர்கள் என்ற யுங்கர்கள் கொள்ளையடித்துக்கொண்டு திரிந்தார்கள். 1414-ல் பீரங்கி கொண்டுவந்து அவர்களுடைய கோட்டைகளை உடைத்தார். ஆக, மன்னர் குடும்பமும் யுங்கர்களும் முதலில் சந்தித்தது எதிரிகளாக. பிறகுதான் பேரம் ஆரம்பித்தது.

அந்தப் பேரத்தின் உச்சம் 1653. முப்பதாண்டுப் போர் முடிந்து நாடு சுடுகாடாகக் கிடந்தது. ஆட்சியில் இருந்த ஃபிரெடரிக் வில்லியமுக்கு நிரந்தரப் படை வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பிரபுக்களின் சபை ஆறு வருடத்தில் 5,30,000 தாலர் தருவதற்குச் சம்மதித்தது. பதிலுக்கு அவர் என்ன கொடுத்தார்? விவசாயிகளின் மேல் பிரபுக்களுக்கு இருந்த அதிகாரத்தை எழுத்தில் உறுதி செய்து கொடுத்தார். பண்ணையடிமை முறை வழக்கத்தில் இருக்கும் இடத்தில் 'நான் அடிமை இல்லை' என்று சொல்கிற விவசாயிதான் அதை நிரூபிக்க வேண்டும். ஆவணம் இல்லையா? அப்படியானால் நீ அடிமைதான்.

வணிகக் கணக்கில் பார்த்தால் இது ஒரு விற்பனை. விற்றவர் ஆட்சியாளர், வாங்கியவர் யுங்கர். விற்கப்பட்டவர்கள் அந்த அறையில் இல்லை. அந்த 5,30,000 தாலரும்கூட யுங்கர்கள் தங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அல்ல. வரிச்சுமை பெரும்பாலும் விவசாயிகள் தலையிலும் நகரவாசிகள் தலையிலும்தான் விழுந்தது. தன்னை விற்ற விலையைத் தானே கட்டிய கதை!

அடுத்த மன்னர்கள் யுங்கர்களைப் படைக்குள் இழுத்தார்கள். ஃபிரெடரிக் வில்லியம் I, அதாவது 'சிப்பாய் ராஜா', 1717-ல் பெர்லினில் இளம் அதிகாரிகளுக்கான பள்ளியை அமைத்து யுங்கர் வீட்டுப் பிள்ளைகளை அதில் சேர்த்தார். சில இடங்களில் வற்புறுத்தித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. 1733-ல் ஒவ்வொரு வட்டாரமும் ஒரு படைப்பிரிவுக்கு ஆள் தர வேண்டும் என்ற முறை வந்தது. விவசாயி வருடத்தில் சில மாதம் படையில் பயிற்சி, மீதி மாதம் வயலில் வேலை. வயலில் யாருக்குக் கும்பிடு போட்டானோ அதே வகுப்பாரிடம்தான் படையிலும் சல்யூட் அடித்தான். பிரஷ்ய ராணுவத்தின் பேர்போன கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

இப்போது பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு அத்தியாயம். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதுதான் மிகவும் சுவாரசியமானது.

மகா ஃபிரெடரிக் நடத்திய ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது சைலீசியாவின் யுங்கர் பண்ணைகள் கடனில் மூழ்கியிருந்தன. நிலம் இருக்கிறது, கையில் காசு இல்லை. தனி யுங்கரை நம்பிக் கடன் கொடுக்க யாரும் தயாராக இல்லை. பூரிங் என்ற பெர்லின் வியாபாரி ஒரு யோசனை சொன்னார். மன்னர் 1769-ல் ஆணையிட, 1770-ல் சைலீசியாவில் 'லாண்ட்ஷாஃப்ட்' என்ற கடன் சங்கம் தொடங்கியது. அந்த மாகாணத்தின் பிரபுக்களின் பண்ணைகள் எல்லாம் கட்டாயமாக இதில் உறுப்பு. ஒரு யுங்கருக்குப் பணம் தேவைப்பட்டால் சங்கம் அவர் பண்ணையை மதிப்பிட்டு, அந்த மதிப்பில் ஒரு பங்குக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கும். அதை அவர் சந்தையில் விற்றுப் பணமாக்கிக்கொள்ளலாம். பத்திரத்தை வாங்கியவருக்குக் குறிப்பிட்ட பண்ணை ஜாமீன். அது போதாவிட்டால் மாகாணத்துப் பிரபுக்களின் பண்ணைகள் அத்தனையும் ஜாமீன்!

இந்தப் பத்திரத்தின் பெயர் 'ஃபாண்ட்பிரீஃப்'. அடமானக் கடிதம் என்று பொருள். வட்டி குறைந்தது, முதலீட்டாளருக்கு நிம்மதி, யுங்கருக்குப் பணம். 1781-ல் பொமரேனியாவும் 1788-ல் கிழக்குப் பிரஷ்யாவும் இதே மாதிரிச் சங்கம் அமைத்தன. ஜெர்மன் வங்கிகள் இன்றும் இதே பெயரில் பத்திரம் வெளியிடுகின்றன. உலகச் சந்தையில் மிகப் பாதுகாப்பானவை என்று பெயர் வாங்கிய பத்திரங்களில் அதுவும் ஒன்று. அதன் கொள்ளுத்தாத்தா, கடன்காரர் தொல்லை தாங்காத சைலீசிய யுங்கர்களுக்காகப் பிறந்தவர் என்பது எத்தனை முதலீட்டாளர்களுக்குத் தெரியுமோ!

சுலபமாகக் கடன் கிடைத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. பண்ணைகளை வாங்குவதும் விற்பதும் ஒரு சூதாட்டமாக மாறியது. கடன் வாங்கி நிலம், அந்த நிலத்தைக் காட்டி மறுபடி கடன். விலை ஏறிக்கொண்டே போனது. 1806-ல் நெப்போலியன் யேனாவில் பிரஷ்யாவை நொறுக்கினார். விலை சரிந்தது. கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம் கொடுத்து அரசே ஆணை போட வேண்டிய நிலை வந்தது.

அந்தத் தோல்விதான் விவசாயிகளுக்குக் கதவைத் திறந்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்டைன் பிரபு 1807 அக்டோபர் 9-ல் ஓர் ஆணை வெளியிட வைத்தார். 1810 நவம்பர் மாத மார்ட்டின் திருநாளிலிருந்து பிரஷ்யாவில் எல்லோரும் சுதந்திர மனிதர்கள். யார் வேண்டுமானாலும் எந்த நிலத்தையும் வாங்கலாம். பிரபு வியாபாரம் செய்யலாம், வியாபாரி பிரபுவின் பண்ணையை வாங்கலாம்.

யுங்கர்கள் கொதித்துப் போனார்கள். மார்விட்ஸ் என்ற பிராண்டன்பர்க் யுங்கர் எதிர்ப்பை எழுதிக் கொடுத்ததற்காக 1811-ல் ஷ்பாண்டாவ் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ஆனால் நடந்தது என்ன? அதே 1811-ல் ஹார்டன்பெர்க் கொண்டுவந்த சட்டப்படி, உழைப்புக் கடமையிலிருந்து விடுபட்டு நிலத்துக்குச் சொந்தக்காரனாக விரும்பும் விவசாயி பிரபுவுக்கு ஈடு தர வேண்டும். பரம்பரை உரிமை இருந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இல்லாவிட்டால் பாதி! 1816-ல் இன்னொரு திருத்தம். சொந்தமாக உழவு மாடோ குதிரையோ பூட்டும் அளவுக்குப் பெரிய விவசாயிக்குத்தான் இந்த வாய்ப்பு, சின்ன விவசாயிக்கு இல்லை.

ஆக, விடுதலை கொடுத்தவருக்கே நிலமும் போய்ச் சேர்ந்தது. இதற்கு முன்னால் விவசாயிக்கு வீடு இடிந்தால் மரம் கொடுக்க வேண்டியது, பஞ்சத்தில் விதை கொடுக்க வேண்டியது யுங்கரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பும் போனது. நிலமில்லாத விவசாயி பண்ணைக் கூலியானான். குடிசையும் கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலமும் கதிரடிப்பில் ஒரு பங்கும் கூலி. அதற்குப் பதிலாக அவனும் மனைவியும், கூடவே அவன் செலவில் இன்னொரு ஆளும் வேலைக்கு வர வேண்டும். 1810-ல் வந்த வேலைக்காரர் சட்டம் அவன் வேலையை விட்டு ஓடினால் பிடித்துக்கொண்டு வர வழி செய்தது. அந்தச் சட்டம் செத்தது எப்போது தெரியுமா? 1918 நவம்பர் புரட்சியில்!

யுங்கர் என்ற சொல் வசைச் சொல்லாக மாறியதும் இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1848-ல் புரட்சி வெடித்து, வரிச்சலுகையையும் பண்ணை நீதிமன்றத்தையும் ஒழிக்கப் பேச்சு எழுந்தபோது, அந்த ஆகஸ்டில் நிலவுடைமையாளர்கள் பெர்லினில் மாநாடு கூட்டினார்கள். சொத்துரிமையைக் காக்கும் சங்கம் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ள, எதிரிகள் வைத்த பெயர் 'யுங்கர் நாடாளுமன்றம்'. பெயர் நிலைத்துவிட்டது. அதிலிருந்து யுங்கர் என்றால் திமிர் பிடித்த, படிப்பு வாசனை இல்லாத, மாற்றத்தை எதிர்க்கிற கிழக்கத்திப் பண்ணையார் என்று பொருள். 'முட்டைக்கோஸ் யுங்கர்' என்று ஒரு கேலிப்பெயர்கூட உண்டு. பதிலுக்கு ஆலை முதலாளிகளுக்குப் 'புகைபோக்கிப் பிரபுக்கள்' என்று பெயர் கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களில் 33 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் ஓட்டோ ஃபான் பிஸ்மார்க். அப்பா வழியில் அசல் யுங்கர். அம்மா வழியில் அரசு அதிகாரிகளும் பேராசிரியர்களும் வந்த நகரத்துக் குடும்பம். அவருடைய மூளை எந்தப் பக்கம் வந்தது என்று ஜெர்மன் எழுத்தாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்!

பிஸ்மார்க் 1871-ல் ஜெர்மனியை ஒன்றாக்கிய கதையை இங்கே விட்டுவிடலாம். ஆனால் 1879-ஐ விடமுடியாது. அந்த வருடங்களில் அமெரிக்காவில் ரயில் பாதையும் கடலில் நீராவிக் கப்பலும் வந்து, அமெரிக்க, ரஷ்ய தானியம் ஐரோப்பாவில் குவிந்தது. அதுவரை யுங்கர்கள் தடையில்லா வர்த்தகத்தின் தீவிர பக்தர்கள். ஏனென்றால் அவர்கள் ஏற்றுமதியாளர்கள். விலை விழுந்த மறுநாளே கொள்கை மாறிவிட்டது. பாதுகாப்பு வரி வேண்டும்! இரும்பாலை முதலாளிகளும் ஆங்கிலேய இரும்புக்கு எதிராக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் கைகோர்த்தார்கள். 'இரும்புக்கும் ரைக்கும் கல்யாணம்' என்று வரலாற்றில் அதற்குப் பெயர். 1879-ல் 100 கிலோ ரைக்கு 1 மார்க் வரி. 1885-ல் அது 3 மார்க். 1887-ல் 5 மார்க்.

ரொட்டி விலை உயர்ந்தது. பணம் பெர்லின் தொழிலாளியின் தட்டிலிருந்து பொமரேனியப் பண்ணைக்குப் போனது. பிஸ்மார்க்குக்குப் பின் வந்த கப்ரீவி வரியை 3.50 மார்க்காகக் குறைத்ததும் யுங்கர்கள் 1893-ல் 'விவசாயிகள் சங்கம்' அமைத்து அவரை விரட்டினார்கள். ஒரு காணி நிலம்கூட இல்லாத ஆள் என்பது அவர் மேல் அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு! 1894-ல் அவர் பதவி போனது. அதே 1894-ல் இன்னொரு ஏற்பாடு வந்தது. ரை ஏற்றுமதி செய்கிறவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். வேறு பொருளை இறக்குமதி செய்யும்போது வரிக்குப் பதிலாக அதைக் கட்டலாம், அல்லது மற்றவருக்கு விற்கலாம். பெயர் சான்றிதழ், உண்மையில் ஏற்றுமதி மானியம். சொந்த நாட்டுத் தொழிலாளி விலை கூடிய ரொட்டி சாப்பிட, ஜெர்மன் ரை வெளிநாட்டில் மலிவாக விற்றது.

இந்தச் சமயத்தில்தான் மாக்ஸ் வேபர் வருகிறார். சமூகவியலின் தந்தைகளில் ஒருவர். 1892-ல் எல்பேக்குக் கிழக்கே உள்ள பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்து அவர் வெளியிட்ட புத்தகம் யுங்கர்களைச் சங்கடப்படுத்தியது. ஜெர்மன் தொழிலாளி ஏன் பண்ணையை விட்டு பெர்லினுக்கும் மேற்கு நகரங்களுக்கும் ஓடுகிறான்? வெறும் கூலிக்காக இல்லை, பண்ணையில் அவனுக்கு எஜமானும் வேலையாளும் தவிர வேறு உலகமே இல்லை, சுதந்திரத்தைத் தேடி ஓடுகிறான் என்பது வேபரின் பதில். அவனுக்குப் பதிலாக யுங்கர்கள் கொண்டுவந்தது யாரை? ரஷ்யாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்த போலந்துக்காரர்களை. அறுவடை முடிந்து குளிர்காலம் வந்ததும் அவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். சபையில் ஜெர்மானிய மண்ணின் காவலர்கள் நாங்கள் என்று பேசிவிட்டு, வயலில் மலிவான வெளிநாட்டுக் கூலியை இறக்கினார்கள். வேபரும் ஒரு தேசியவாதிதான், போலந்துக்காரர்களைப் பற்றி அவர் எழுதியதில் இன்று படிக்கக் கூசும் வரிகள் உண்டு. ஆனாலும் யுங்கரின் இந்த இரட்டை வேடத்தை அவர் பிடித்த பிடி சரியான பிடி.

பணம் ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம். பிரஷ்யச் சபைத் தேர்தலில் 1849 முதல் 1918 வரை வரி கட்டும் தொகையைப் பொறுத்து வாக்காளர்கள் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டார்கள். சில பணக்காரர்களின் ஓட்டுக்கும் ஆயிரக்கணக்கான ஏழைகளின் ஓட்டுக்கும் ஒரே எடை. ராணுவத்தில் மட்டும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. படை பெரிதாகப் பெரிதாக யுங்கர் வீட்டுப் பிள்ளைகள் போதவில்லை. பிரஷ்ய அதிகாரிகளில் பிரபு வம்சத்தினர் 1860-ல் சுமார் 65 சதவீதம், 1913-ல் சுமார் 30 சதவீதம். ஆனால் மேலே போகப் போக அவர்கள்தான் அதிகம். ஓல்டன்பர்க்-யானுஷாவ் என்ற கிழக்குப் பிரஷ்ய யுங்கர் 1910-ல் நாடாளுமன்றத்திலேயே எழுந்து நின்று, ஒரு லெப்டினன்டையும் பத்து சிப்பாய்களையும் அனுப்பி இந்தச் சபையை இழுத்து மூட மன்னருக்கு எந்த நேரமும் முடிய வேண்டும் என்று பேசினார்.

1918-ல் மன்னர் போனார். 1919 அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களை ஒழித்து வெறும் பெயரின் பகுதியாக்கியது. நிலம் மட்டும் போகவில்லை. 1925-ல் குடியரசின் தலைவராக வந்தவர் யார்? யுங்கர் வம்சத்துத் தளபதி ஹிண்டன்பர்க். 1927-ல் அவருடைய 80-வது பிறந்தநாளுக்கு நொய்டெக் என்ற குடும்பப் பண்ணையை வாங்கிப் பரிசளித்தார்கள். முன்னின்று செய்தவர் மேலே சொன்ன அதே ஓல்டன்பர்க்-யானுஷாவ். பணத்தில் பெரும்பகுதி தொழிலதிபர்கள் கொடுத்தது. பத்திரம் மட்டும் மகன் பெயரில். ஏன்? வாரிசு வரியை மிச்சம் பிடிக்க! நாட்டின் தலைவரே இப்படி.

பிறகு 1930-களின் மந்தநிலை. கிழக்குப் பண்ணைகள் திவாலாகும் நிலை. 1931-ல் 'கிழக்கு உதவி' என்று சட்டம் போட்டு அரசுப் பணம் கொட்டப்பட்டது. காப்பாற்றவே முடியாத பண்ணைகளை வாங்கி நிலமில்லாதவர்களைக் குடியேற்றலாம் என்று பிரதமர் புரூனிங்கின் அரசு திட்டம் போட்டபோது, இது போல்ஷெவிசம் என்று யுங்கர்கள் ஹிண்டன்பர்க்கின் காதில் ஓதினார்கள். 1932 மே மாதம் புரூனிங் பதவி இழந்தார். 1933 ஜனவரியில் உதவிப் பணத்தில் கார் வாங்கிய, பந்தயக் குதிரை வாங்கிய பண்ணையார்களின் கதைகள் நாடாளுமன்றக் குழுவில் வெளிவரத் தொடங்கின. அதே மாதம் 30-ம் தேதி ஹிட்லர் பிரதமரானார். யுங்கர்கள்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்வது தவறு. புரூனிங் வீழ்ந்ததற்கும் வேறு காரணங்கள் உண்டு. ஆனால் குடியரசைக் காப்பாற்ற வேண்டிய கிழவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் குடியரசை விரும்பியவர் யாருமில்லை என்பது உண்மை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1944 ஜூலை 20-ல் ஹிட்லரைக் கொல்ல முயன்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். டிரெஸ்கோ, விட்ஸ்லெபன், ஷூலன்பர்க், யோர்க்... எல்லாம் பழைய பிரஷ்யப் பெயர்கள். குண்டு வைத்த ஷ்டவுஃபன்பெர்க் மட்டும் தெற்கு ஜெர்மனிப் பிரபு, யுங்கர் இல்லை. பொமரேனியப் பண்ணையார் எவால்ட் ஃபான் கிளைஸ்ட் 1933-க்கு முன்னாலிருந்தே ஹிட்லரை எதிர்த்தவர். 1945 ஏப்ரலில், போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அவர் தலையை வெட்டினார்கள். இதே ஆட்கள்தான் ஜனநாயகத்தையும் விரும்பாதவர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

முடிவு சீக்கிரம் வந்தது. 1945 ஜனவரியில் ரஷ்யப் படை கிழக்குப் பிரஷ்யாவுக்குள் நுழைந்தபோது, மரியான் டோன்ஹோஃப் என்ற பெண்மணி குதிரையில் ஏறி உறைபனியில் மேற்கு நோக்கிக் கிளம்பினார். சுமார் ஏழு வாரப் பயணம். பிற்காலத்தில் 'டி ட்சைட்' வார இதழின் ஆசிரியராகி ஜெர்மனியின் மதிப்புமிக்க குரல்களில் ஒருவரானார். ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே இருந்தவை போலந்துக்கும் சோவியத்துக்கும் போயின. ஆற்றுக்கு மேற்கே சோவியத் பகுதியில் 1945 செப்டம்பரில் 'யுங்கர் நிலம் உழவன் கையில்' என்ற கோஷத்தோடு நிலச்சீர்திருத்தம் தொடங்கியது. 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் எல்லாம் நஷ்டஈடு இல்லாமல் பறிமுதல். சுமார் 7,000 பெரும் பண்ணைகள். சிறிய பண்ணைகள் சிலவற்றையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 33 லட்சம் ஹெக்டேர். ஹிட்லரை எதிர்த்தவரா ஆதரித்தவரா என்று யாரும் கேட்கவில்லை, ஹெக்டேர்தான் கணக்கு. குடும்பங்களைக் கையில் கிடைத்ததோடு மாவட்டத்தை விட்டே வெளியேற்றினார்கள். சிலரை முகாமில் அடைத்தார்கள். 1947 பிப்ரவரி 25-ல் நேச நாடுகள் பிரஷ்யா என்ற அரசையே சட்டம் போட்டுக் கலைத்தன.

நிலம் கிடைத்த உழவர்கள் என்ன ஆனார்கள்? அகதிகளும் கூலிகளுமாக லட்சக்கணக்கானவர்களுக்குத் துண்டு துண்டாக நிலம் கிடைத்தது. 1653-ல் விற்கப்பட்டவர்களின் வாரிசுகள் கையில் கடைசியில் நிலம் வந்தது என்று சந்தோஷப்படுவதற்குள், 1952-ல் கூட்டுப்பண்ணை இயக்கம் ஆரம்பித்தது. 1960-க்குள் ஏறக்குறைய எல்லா நிலமும் கூட்டுப்பண்ணைக்குள் போய்விட்டது. பதினைந்து வருடம்கூட முழுதாக நிலைக்கவில்லை. பண்ணை வீடுகள் பள்ளிக்கூடமாகவும் குழந்தைகள் காப்பகமாகவும் கூட்டுப்பண்ணை அலுவலகமாகவும் மாறின. சில வீடுகளைச் செங்கல்லுக்காக இடித்தார்கள்.

1990-ல் இரண்டு ஜெர்மனியும் இணைந்தபோது பழைய குடும்பங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டன. 1945-க்கும் 1949-க்கும் இடையில் பறிக்கப்பட்டது திரும்பக் கிடைக்காது என்று இணைப்பு ஒப்பந்தம் சொன்னது. 1991 ஏப்ரல் 23-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 சட்டப்படி ஓரளவு ஈட்டுத்தொகையும், அரசு விற்கும் நிலத்தைச் சலுகை விலையில் வாங்கும் உரிமையும் கிடைத்தன. சிலர் திரும்பிப் போய், கூரை ஒழுகும் தாத்தா வீட்டையும் சுற்றியிருந்த கொஞ்சம் நிலத்தையும் வங்கியில் கடன் வாங்கி விலைக்கு வாங்கினார்கள்.